சயாமிலிருந்து வந்த அரைத் தாளம்

என் முன்னால் ஒரு தபால் கார்டு இருக்கிறது. எழுதியவர் ஒரு நாடக செட்டின் முதலாளி. "பெட்டி மூச்சு வாங்குகிறது. டோலக்காரன் ஓடிவிட்டான். சந்தைக்கு முன்னால் வந்து சேரவும்." முத்திரையில் காரிமங்கலம் என்பதும் 1946 என்பதும் தெரிகின்றன. தேதியும் மாதமும் மை தேய்ந்து மறைந்துவிட்டன. கேழ்வரகு அறுப்பு நடப்பதால் கூட்டம் வரும் என்று கார்டின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார். அதை வைத்துக் கார்த்திகை வாக்கில் வந்தது என்று கணிக்கிறேன். இது என் கணிப்பு மட்டுமே.

ஆர்மோனியம் பழுது பார்க்கவும் சுதி சேர்க்கவும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டியை எப்படிப் பிரித்தேன், எந்த ரீடின் பித்தளை நாக்கைச் சுரண்டினேன் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதைப் பட்டறையில் கற்றுக்கொள்வீர்கள். சொல்ல நினைப்பது, அன்று என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றி. நம்மை ரீடுக்காகத்தான் அழைப்பார்கள். ஆனால் காது உள்ளவன் என்று பெயர் வாங்கிவிட்டால், ரீடுக்குச் சம்பந்தம் இல்லாத தீர்ப்புகளையும் நம்மிடம் கேட்பார்கள்.

தர்மபுரியிலிருந்து கரி பஸ்ஸில் போய் இறங்கினேன். போர் முடிந்து ஒரு வருடம் ஆகியும் எங்கள் பக்கம் பஸ்கள் கரியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. செட்டு ஒரு புளியமரத் தோப்பில் இறங்கியிருந்தது. பெரிய செட்டுகளில் காலால் மிதித்து வாசிக்கும் பெட்டி இருக்கும். இது சின்ன செட்டு, கைப்பெட்டிதான். நான் சாக்கை விரித்துப் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

ஓடிப்போன டோலக்காரனுக்குப் பதிலாக, மொரப்பூர் ரயிலடியில் கண்டெடுத்த ஒருவரை முதலாளி உட்கார வைத்திருந்தார். பெயர் பழனி. முப்பதுக்குள் இருக்கும். மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு, உயிரோடு திரும்பியவர். தோட்டத்துத் திருவிழா நாடகங்களுக்கு டோலக் வாசித்தவன் என்று சொன்னதை நம்பி முதலாளி அழைத்து வந்திருந்தார்.

அவர் வாசிப்பு நொண்டியது. நாலு அடி சரியாக விழும். பிறகு ஒரு இடம் வெறுமையாகப் போகும். இரண்டு அடி; மறுபடியும் வெறுமை. ராஜபார்ட் நடிகர் பாடப் பாட அந்தப் பள்ளங்களில் தடுக்கி விழுந்தார்.

பபூன் வேஷக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "மொதலாளி, பல்லு போனவன் முறுக்கு திங்கற மாதிரியே இருக்குதுங்க."

"டேய், உங்கைக்கு என்னாடா ஆச்சு? விக்கலா?" என்றார் முதலாளி.

பழனி கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். மறுபடியும் அதே பள்ளங்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பெட்டிக்காரரே, நீங்க காதுக்காரரு. ஒரே வார்த்தை சொல்லுங்க. இவனுக்குத் தாளம் இருக்குதா, இல்லியா? இல்லைன்னா இப்பவே பஸ்ஸு ஏத்தி அனுப்பிடறேன். நாளைக்குச் சந்தை. நோட்டீஸ் வண்டி போவணும். எனக்கு நேரமில்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழனி பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார். போவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் ஊருக்குப் போனபோது வீடு விழுந்து கிடந்ததையும், அண்ணன் குடும்பம் எங்கோ பிழைக்கப் போய்விட்டதையும் நான் வந்தவுடன் செட்டின் சமையல்காரர் சொல்லியிருந்தார். ஆனால் இரக்கத்துக்காகத் தாளம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மறுநாள் மேடையில் அது பொய்யாகிவிடும். ஆகவே பதில் சொல்லாமல், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

இங்கே கவனியுங்கள். முதல் இரண்டு தடவையும் நான் கேட்டது அவர் அடித்த அடிகளை. மூன்றாவது தடவை அடிகளை விட்டுவிட்டு, வெறுமை விழுகிற இடங்களை மட்டும் எண்ணினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒரே இடத்தில் விழுந்தன, ஒரே அளவில். தாளம் தெரியாதவன் ஒரே இடத்தில் தவறமாட்டான். ரீடு பார்க்கும்போதும் இதே கணக்குதான். சுதி விலகிய ரீடு நாளுக்கு ஒரு மாதிரி பேசும். என்றைக்கும் ஒரே அளவு விலகி நிற்கிற ரீடை யாரோ வேண்டுமென்றே அப்படிச் சேர்த்திருக்கிறார்கள். கத்தியை எடுக்குமுன் யார் என்று விசாரியுங்கள்.

"தாளம் இருக்குதுங்க, பாதிதான் இருக்குது. மீதிப் பாதி எங்கன்னு அவரைத்தான் கேக்கணும்" என்றேன்.

"அரைத் தாளமா? அப்ப அரைச் சோறு போட்டா போதுமா?" என்றார் பபூன். எல்லோரும் சிரித்தார்கள். பழனி மட்டும் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

முதலாளி முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனதும் பழனி என் சாக்கின் ஓரத்தில் வந்து குந்தினார். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். அதற்குமுன் ஒன்று: அந்த நாட்டின் பெயரை 1939-இல் தாய்லாந்து என்று மாற்றினார்கள். போர் முடிந்ததும் சில காலம் மீண்டும் சயாம் ஆயிற்று. பிறகு மறுபடியும் தாய்லாந்து. பழனி வாயில் வந்தது சயாம்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பாதை வேலையில் காய்ச்சல் கண்டு, முகாமிலிருந்து நழுவி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் போய் விழுந்திருக்கிறார். அங்கே புத்தர் கோயிலில் மேளக்காரர்கள் சிலர் கஞ்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். உடம்பு தேறியதும் சும்மா இருக்க முடியாமல் அவர்களுடைய மத்தளம் ஒன்றைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"அது ஜோடி மத்தளமுங்க, அண்ணா. நீட்டமா இருக்கும். ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. ஆளுக்கொண்ணு வச்சிக்கினு எதிரெதிரா குந்தணும். அவுரு விட்ட எடத்துல நான் அடிப்பேன். நான் விட்ட எடத்துல அவுரு அடிப்பாரு. வெளிய நின்னு கேட்டா ஒரே ஆளு அடிக்கற மாதிரி இருக்குமுங்க."

"உனக்கு எது? ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

பக்கத்தில் படுத்திருந்த பபூன் கண்ணைத் திறக்காமலே, "அதான பாத்தேன். ஸ்திரீபார்ட் டோலக்கு!" என்றார்.

பழனியும் சிரித்துவிட்டார். எதிரே உட்கார்ந்த கிழவரை அவர் "லுங்" என்றே அழைத்திருக்கிறார். அது பெயர் அல்ல, பெரியப்பா என்கிற மாதிரி ஒரு முறைச்சொல் என்று பின்னால்தான் தெரிந்ததாம். பெயர் கடைசிவரை தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை இல்லை. தாளம் ஒன்றுதான் பேச்சு. சிங்கி என்கிற கைத்தாளம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுபோல இருந்ததாம். "அதையும் அவுங்க 'சிங்'னுதாங்க சொல்றாங்க" என்றார்.

"ஒண்ணு சொல்லணுங்க. சில பாட்டு வாசிக்கறப்ப மட்டும் அந்த லுங் மத்தளத்தக் காட்டுவாரு, என்னயக் காட்டுவாரு, 'கேக், கேக்'னுவாரு. நானும் 'கேக்குது, கேக்குது'ன்னு தலையாட்டுவேன். உடனே எல்லாரும் சிரிப்பாங்க. நல்லாக் கேக்குதான்னு கேக்கறாங்க, நம்ம பேச்சு ரெண்டு வார்த்தை எப்படியோ கத்துக்கினாங்கன்னு நெனச்சேன்."

போர் முடிந்து, ஊருக்குத் திருப்பி அனுப்ப லாரி வந்தது. தமிழர்கள் எல்லோரும் ஏறினார்கள்; இவரும் ஏறினார். லுங் அன்று வயலுக்குப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கை எந்தத் தாளத்திலும் எதிராளிக்கு இடம் விட ஆரம்பித்துவிட்டது. அவரே விரும்பினாலும் அந்த இடத்தில் விரல் இறங்குவதில்லை.

"டோலக்குக்கு ரெண்டு முகம் இருக்குதில்ல? ரெண்டு பாதியையும் நீயே அடிச்சிடு. வெளிய கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது" என்றேன்.

அவர் சொன்னார்: "தெரியாதுங்க. ஆனா நானே ரெண்டையும் அடிச்சிட்டா, எதிர்ல ஆளே இல்லேன்னு ஆயிடுமுங்களே."

நான் ஊர் ஊராகத் தனியாகப் போய் வந்தவன். பெட்டி பேச ஆரம்பித்ததும் எல்லோரும் பாடகரைச் சுற்றி நிற்பார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவேன். ஆகவே அந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு வைத்தியம் என்னிடம் இல்லை. லுங் அடித்த பாதியையாவது வாயால் சொல்லச் சொல்லி, "திங்" என்றும் "ஜ" என்றும் அவர் சொன்னதை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் சந்தை. நோட்டீஸ் வண்டி என்பது இக்காலத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாட்டு வண்டியில் படுதா கட்டி, பெட்டியும் டோலக்கும் முழங்க, பபூன் ஆடிக்கொண்டே நோட்டீஸ் வீசுவார். அன்றைய வசூல் அந்த ஒரு சுற்றில் இருக்கிறது. பெட்டி வாசிப்பவருக்குத் தொண்டையும் உடம்பும் சரியில்லை. பழுது பார்த்த நானே ஏறி வாசிக்க வேண்டியதாயிற்று. பழனியை ஏற்றுவதில் முதலாளிக்கு இஷ்டமில்லை. வேறு ஆள் இல்லாததால் ஏற்றினார். "சொதப்பினா வண்டியிலேர்ந்து அப்படியே ரோட்டுக்கு எறக்கிடுவேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

புளி, மிளகாய், ஆட்டுச் சந்தை எல்லாம் தாண்டும்வரை பழனி பல்லைக் கடித்துக்கொண்டு சாதாரண அடியாக வாசித்தார். கேழ்வரகுக்காரர்கள் வரிசைக்கு வந்தபோது பபூன் வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடியதும் கை பழைய வழிக்குப் போய்விட்டது. நாலு அடி, வெறுமை. பபூன் ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றார். கூட்டம் சிரித்தது. முதலாளி வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர், பழனியின் வேட்டியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார்.

அந்த வெறுமையைப் பெட்டியால் மூடுவது எனக்கு ஒரு நொடி வேலை. நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. பழனி அன்றைக்குத் தப்பித்துவிடுவார். விரல் கட்டைக்கு மேல் போனது. அங்கே நிறுத்தினேன். அடுத்த சுற்றிலும், அதற்கு அடுத்த சுற்றிலும் நான் மூடிக்கொண்டே இருக்க வேண்டும். நாளை நான் இருக்கமாட்டேன். தவிர, அந்த இடம் எனக்காக விடப்பட்டதல்ல. விரலை எடுத்துவிட்டு, சுதியை மட்டும் பிடித்துத் துருத்தி போட்டேன். அதே வெறுமை ஒழுங்காக இரண்டாம் முறை வந்தது, மூன்றாம் முறை வந்தது. பபூன் கெட்டிக்காரர். மூன்றாம் முறை அந்த இடத்துக்காகவே காலைத் தூக்கிக் காத்திருந்தார்.

நாலாவது முறை, தானியம் அளந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, கையிலிருந்த அளவு வள்ளத்தைக் கவிழ்த்துப் பலகையில் "டப், டப்" என்று இரண்டு போட்டார். சரியாகப் பள்ளத்துக்குள். சிரிப்பு அடங்குமுன் பக்கத்துக் கடைக்காரரும் போட்டார். வரிசை முடிவதற்குள் வள்ளமும் படியும் கைத்தட்டும் சேர்ந்து அந்தப் பள்ளத்தைச் சந்தையே அடித்தது.

முதலாளி நீட்டிய கையாலேயே பழனியின் முதுகில் தட்டினார். "இதாண்டா! ராத்திரி மேடையிலயும் இதே வுடு. சயாம் தாளம்னு சொல்லிடலாம்!"

வண்டி திரும்பியதும் பழனி என்னிடம் வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது. ஆனால், "எடம் தப்புங்க, அண்ணா" என்றார். "லுங் முன்னாடியே தொட்டுட்டு வுடுவாரு. இவுங்க நடுவுல போட்டு ஒடைக்கறாங்க. நாளைக்குச் சொல்லித் தரட்டுங்களா?"

"யாருக்கு? சந்தைக்கா?" என்றேன். "வேணாம்ப்பா. அவுங்க போட்ட எடத்துக்கு நீ நகந்துக்க. அதுதான் இனிமே நிக்கும்."

இந்தப் புத்தியை யோசித்துத்தான் சொன்னேன். நாம் பிழைக்கிற பெட்டியே அப்படி வந்ததுதான். ஐரோப்பாக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாசிக்கச் செய்ததை, நாம் தரையில் வைத்து, ஒரு கையைத் துருத்திக்குக் கொடுத்து, அவனுடைய கூட்டுச் சுரங்களை விட்டுவிட்டு, ஒற்றைச் சுரமாக வாசிக்கிறோம். அவனிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை. பபூன் மேடையில் கன்னடம் பேசுவார். அதில் ஒரு வார்த்தைகூடக் கன்னடம் இல்லை, வாடை மட்டும் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்த கன்னடக்காரர்கள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார்கள்.

சயாமியரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பதை அடுத்த வருடம் சேலத்தில் ஒரு பயண நூலில் படித்தேன். பிற நாட்டார் வாடையில் வரிசையாகப் பாட்டுகள் வாசிப்பது அவர்கள் வழக்கமாம். லாவோ வாடை, மோன் வாடை, பர்மா வாடை, சீன வாடை, வெள்ளைக்காரன் வாடை. சுரங்கள் அவர்களுடையவையே. மத்தளம் மாறும், நடை மாறும். கேட்பவன் "இது சீனம்" என்று உடனே சொல்லிவிடுவான். சீனன் வந்து கேட்டால் அவனுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அந்த வரிசையில் "கேக்" வாடை என்றும் ஒன்று இருந்தது. இந்தியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோருக்கும் அங்கே அதுவே பொதுப் பெயர். விருந்தாளிக்கும் அதே சொல்தான். அந்த ஜோடி மத்தளத்துக்கும் கேக் மத்தளம் என்றே பெயர்.

படித்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். லுங் கேட்டது "கேக்குதா" என்று அல்ல. இது உன் ஊர்த் தாளம், உன் ஊர் மத்தளம் என்று காட்டியிருக்கிறார். இவரோ அது தன்னுடையது என்று அறியாமலே, கேக்குது என்று தலையாட்டியிருக்கிறார். அந்த நாடு எங்களிடமிருந்து எடுத்ததாக நினைத்ததை இவருக்கு அடையாளம் தெரியவில்லை. இவர் கொண்டுவந்ததைக் காரிமங்கலம் தன் இஷ்டப்படி எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லை. நடுவில் சுமந்து வந்த ஒருவருக்குத்தான் இரண்டு ஊர்த் தாளமும் தெரியும். அதைப் பேச அவருக்கு ஆள் இல்லை.

1948-இல் பாலக்கோட்டில் அதே செட்டைச் சந்தித்தேன். பழனி கொஞ்சம் சதை போட்டிருந்தார். செட்டில் அவருக்குத் தனி மரியாதை. சயாம் தாளம் வரும்போது சனங்கள் தாமாகவே தட்டினார்கள். அவர் கை அவர்கள் தட்டும் இடத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் டீக்கடையில் உட்கார்ந்து, நான் படித்த சொல்லைப் பற்றிச் சொன்னேன்.

கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊருதுன்னா சொன்னாரு?" என்றார். "எனக்கு அப்பவே புரிஞ்சிருந்தா, 'இல்லீங்க, எங்கூர்ல இப்பிடி யாரும் அடிக்கறதில்ல'ன்னு சொல்லியிருப்பேனுங்க. அவுரு மனசு நொந்திருக்கும். நல்ல வேளை, கேக்குதுன்னே சொன்னேன்."

பழைய முறையில் ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். டீக்கடைப் பெஞ்சின் மேலேயே தட்ட ஆரம்பித்தார். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதில் கை சந்தைக்கார இடத்துக்குப் போயிற்று. நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அங்கேயே போயிற்று.

"வர மாட்டேங்குதுங்க" என்று உள்ளங்கையைப் பார்த்தார். "எடம் கெடச்சுது, அது போயிடுச்சு."

நகர்ந்துகொள் என்று நான் சொன்னது சரியா என்று கேட்டால், சரி என்றே இன்றும் சொல்வேன். நகராமல் இருந்திருந்தால் அவர் அந்த வாரமே பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டிருப்பார். ஆனால் ஒன்றைச் சரியாக்கும்போது எது நம் கையோடு போகிறது என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். சுரண்டிய பித்தளை திரும்ப ஒட்டாது.

எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து, லுங் அடித்த பாதி இதுதானா என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "அப்பிடித்தான்னு நெனைக்கறேனுங்க. சத்தியமா சொல்ல முடியாது" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. சயாம் போய் வந்த வேறு இருவரிடம் அதைக் காட்டினேன். அவர்கள் அங்கே மேளம் காதில் விழுகிற இடத்தில் இருந்தவர்கள் அல்லர். ஆகவே அந்தக் காகிதத்தில் உள்ள பாதி சரிதானா என்பது இந்த நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.